முஷ்டியால் பணம் கட்டியவர்

காலை ஆறு நாற்பது. பருத்திப்பட்டு ஏரியின் வாயிலுக்கு எதிரே உள்ள பேக்கரியில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு முஷ்டி. கல்லா மேல் இருந்த கார்டு மெஷின் மீது அது கவிழ்ந்து படுத்திருந்தது. மணிக்கட்டில் கறுப்பு நிறத்தில் தடித்த ஸ்போர்ட்ஸ் வாட்ச். மெஷின் கீச்சென்றது. முஷ்டி எழுந்து பேன்ட் பைக்குள் போயிற்று. பிறகுதான் ஆளைப் பார்த்தேன்.

"பாத்தியா தம்பி? நோட்டு இல்ல, சில்லறை இல்ல, போன் கூட இல்ல" என்றார்.

"கைய வெச்சாலே காசு வருது. ஒரு குத்து வுட்டா எவ்ளோ வரும் அண்ணாத்தே?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

வாட்ச் கட்டியவர் சிரித்தார். நான் அங்கே குடிவந்த ஒரு வருடத்தில் அவர் கடையில் நின்று சிரித்ததை நான் பார்த்ததில்லை.

அவர் எங்கள் காலனிக்காரர், அடுத்த தெரு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தார். மனைவி இறந்துவிட்டார், வேலைக்குப் போகும் மகளோடு இருந்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். குடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் வாசம் வந்தால் தட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருக்குக் கை நடுங்கும். சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்காது. எதையாவது எடுக்க, பிடிக்க, எழுதப் போனால் நடுங்கும். வலது கையில் அதிகம், இடது கையில் கொஞ்சம் குறைவு. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வாட்ச். இது எனக்குத் தெரியவந்தது பின்னால். வாங்கும்போது கூடவே நின்றிருந்தும் தெரியவில்லை. காலனியில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் தன் கையை மறைக்கவே இல்லை. மற்ற எல்லாவற்றின் மேலும் குறை சொன்னார். எல்லோரும் அந்தக் குறையைப் பார்த்தோம்.

டீக்கடையில் அவருக்கு அரை கிளாஸ்தான் வேண்டும். "முழு கிளாஸ் ஊத்துனா அடியில ஆறிப்போவுது. டீ குடிக்கத் தெரிஞ்சவன் அரைதான் கேப்பான்." பேனா கொடுத்தால், மை சரியில்லை. கல்யாண வீட்டில் பாயசத்தைத் தொடமாட்டார், சேமியா வேகவில்லை. சலூனில்தான் சவரம், வீட்டில் பண்ணலாமே என்றால், "இப்ப வர்ற பிளேடெல்லாம் தகரம் நைனா" என்பார். ஒவ்வொன்றையும் உண்மையிலேயே ருசி தெரிந்தவர் போலச் சொல்வார். சேமியா வேகவில்லை என்று அவர் சொன்ன பிறகு எனக்கே பாயசம் ஒரு மாதிரியாக இருந்தது.

காலனி சங்கக் கட்டடத்தின் பின்னறையில் கேரம் போர்டு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அவரை ஜெயிக்க ஆளில்லை என்பார்கள். நான் குடிவந்தபோது அவர் ஆடுவதை நிறுத்தியிருந்தார். சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். கூப்பிட்டால், "போர்டு மட்டமா இல்ல. இந்தப் பக்கம் சரியுது. இதுல ஆடுனா கை கெட்டுப்போவும்" என்பார்.

ஒருநாள் மேஸ்திரி ஒருவர் பொறுமை இழந்து, தன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் போர்டின் நடுவில் வைத்தார். குமிழி நட்டநடுவே நின்றது. அறையே எட்டிப் பார்த்தது.

"இன்னா நைனா, இப்போ இன்னா சொல்ற?"

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ரசமட்டமே பழசு" என்றார்.

அறை சிரித்து அடங்க நேரமாயிற்று. அன்றிலிருந்து அவருக்குக் குவாலிட்டி என்று பெயர். 'குவாலிட்டி வர்றாரு, நாற்காலியத் தொடச்சு வெய்யி' என்பார்கள். அவர் அந்தப் பெயரை விரும்பினார் என்றே நினைக்கிறேன். அது அவருடைய அப்பாவுக்கு ஊர் வைத்த 'குடிகாரன்' என்ற பெயரை விட எவ்வளவோ மேல்.

அப்பா போர்டு எழுதுகிறவர். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கை எழுத்து என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கூடவே அவர் குடியையும் சொல்வார்கள். காலையிலேயே குடிப்பார். ஏணியில் ஏறுமுன் ஒரு கிளாஸ் வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால், "ஒண்ணு உள்ள போனாதான் முதலாளி கோடு நேரா வரும்" என்பாராம். அந்த வாக்கியம் ஓ.டி. பக்கம் பழமொழியாகவே ஆகிவிட்டது. வேலை நேரத்தில் எவனாவது டீ குடிக்கக் கிளம்பினால், 'இன்னா, கோடு நேரா வரணுமா?' என்று கேலி செய்வார்கள்.

மகன் அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில், பிறகு வேலைக்குச் சேர்ந்த இடத்தில். தன் கல்யாணத்துக்கு அப்பா காலையிலேயே குடித்துவிட்டு வந்ததால், கோயிலுக்குள் விடாமல் வெளியே வேனில் உட்கார வைத்ததாக என்னிடம் ஒருமுறை சொன்னார். குரலில் வருத்தம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்த தொனிதான். "சாமி முன்னால நிக்கிற நாள்ல கூட ஒரு மனுசனால குடிக்காம இருக்க முடியலன்னா, அவன் இன்னா மனுசன்?"

ஆகவே ஐம்பது தாண்டி அவருக்கே கை நடுங்கத் தொடங்கியபோது, அது நோயா என்று அவர் யோசிக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் யோசித்தார். எங்கள் பக்கத்தில் காலை நேரத்தில் ஒருவன் கை நடுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அந்த அர்த்தம் ஒருநாள் அவர் காதில் விழுந்தது. பேக்கரிக்காரர் பிறகு எனக்குச் சொன்னது இது. சாயங்காலக் கூட்டம். அவர் ரொட்டி வாங்கிவிட்டு, போனில் பணம் அனுப்ப ரகசிய எண்ணைத் தட்டினார். விரல் பக்கத்து எண்ணில் விழுந்தது. மறுபடி தட்டினார், மறுபடியும் தவறு. மூன்றாவது முறை தவறியதும் அன்றைக்கு முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. பர்ஸை எடுத்தார். நோட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்து கல்லாவில் சிதறியது. பின்னால் நின்ற இரண்டு பையன்களில் ஒருவன் சொன்னான்:

"நைனாவுக்கு இன்னும் உள்ள போகல மச்சான். கை கேக்குது பாரு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டியைக் கல்லாவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நோட்டைப் பேக்கரிக்காரர்தான் பொறுக்கி, மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். "ரொட்டி நேத்து வேகல. அதான் வுட்டுட்டேன்" என்றாராம்.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தார். ஏரியில் நடக்கும்போது நான் கட்டியிருந்த வாட்சைப் பார்த்திருக்கிறார். "தம்பி, வாட்ச்லயே காசு கட்றாங்களாமே. அது எப்படி?" என்று கேட்டார். சிலவற்றில் வங்கிக் கார்டைச் சேர்த்து வைக்கலாம், மெஷின் மேல் காட்டினால் போதும், கார்டில் வைஃபை மாதிரி கோடு போட்டிருக்கிறதே அதே விஷயம்தான் என்றேன்.

"நம்பர் எதுவும் தட்ட வேணாமா?"

"காலையில கையில மாட்டும்போது ஒரு தடவை வாட்ச்ல தட்டணும். கழட்டாத வரைக்கும் அப்புறம் கேக்காது."

"ஊட்ல உக்காந்து தட்டிக்கலாம்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

ஓ.டி. பக்கம் இருந்த கடைக்கு இருவரும் போனோம். அந்தத் தேர்வு ஒரு மதியத்தைத் தின்றது. விற்பனைப் பையன் முதலில் வழவழப்பான தொடுதிரை வாட்சை எடுத்தான். அவர் வேண்டாம் என்றார்: "பட்டன் இருக்கணும். அமுக்குனா அமுக்குன மாதிரி தெரியணும்." பையன் பட்டன் வைத்ததை எடுத்தான். அதன் வார் வேண்டாம்: "இந்த ஊசி நுழைக்கிற வேலையெல்லாம் ஆகாது. ஒட்ற மாதிரி வார் காட்டு." பையன் துணி வார் ஒன்றைக் கொண்டுவந்தான். எழுத்து சிறியது. இன்னொன்று. அது கனம் போதாது. பொதுவாக எல்லோரும் கனம் குறைந்ததைக் கேட்பார்கள். அவர் கனமானதைக் கேட்டார். கையில் ஒரு எடை இருந்தால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும் என்று அவர் தானாகவே கண்டுபிடித்திருந்தார். எங்களிடம் சொன்ன காரணம் வேறு: "லேசா இருந்தா பொம்மை மாதிரி இருக்கும்."

"சார் ஓடுவீங்களா? நீந்துவீங்களா? சைக்கிளிங்கா?" என்று பையன் கேட்டான். "அதுக்கேத்த மாதிரி காட்றேன்."

"கேரம் ஆடுவேன்."

பையன் என்னைப் பார்த்தான்.

"இன்னா பாக்குற? கேரமும் ஸ்போர்ட்ஸ்தான். ஸ்டேட் லெவல்ல ஆட்றாங்க."

"அதுக்குத் தனி மோடு இல்ல சார்."

"அப்ப உங்க வாட்ச் முழுமை இல்ல" என்றார் அவர். கடைசியில் மலையேறுகிறவர்களுக்காகச் செய்த, அந்தக் கடையிலேயே தடிமனான ஒன்றை வாங்கினார். அதில் உயரம் காட்டும், திசை காட்டும். வழியெல்லாம் அந்தத் திசைகாட்டியைப் புகழ்ந்துகொண்டு வந்தார். பருத்திப்பட்டிலிருந்து ஆவடிக்குப் போக எதற்குத் திசைகாட்டி என்று எனக்குப் புரியவில்லை.

வாட்ச் வந்த பிறகு அவர் வாழ்க்கை மெஷின் உள்ள கடைகளாகச் சுருங்கியது. காலையில் சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றி எண்ணைத் தட்டிவிட்டுத்தான் படி இறங்குவார். பேக்கரி, மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க். பில் சொன்னதும் முஷ்டியை மெஷின் மேல் அழுத்தி வைப்பார். கடினமான ஒன்றின் மேல் ஊன்றிய கை நடுங்கினாலும் தெரியாது.

ஏரி வாயிலில் டீ போடுகிறவரிடம் மெஷின் இல்லை. போனில் படம் பிடித்துப் பணம் அனுப்பும் அட்டை மட்டும்தான். அவர் அங்கே போவதை நிறுத்தினார். காரணம், டிக்காஷன். டீக்காரர் என்னைப் பிடித்துக் கேட்டார்: "இத்தினி வருசம் நல்லா இருந்த டிக்காஷன் இப்போ இன்னாத்துக்கு சார் கெட்டுப்போச்சு? தப்பா ஏதாவது பேசிட்டனா? கேட்டுச் சொல்லுங்க." கேட்டேன். "தூளை மாத்திட்டான் தம்பி" என்றார். தூள் மாறவில்லை என்று டீக்காரர் பாக்கெட்டையே எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் போகும்போது டீக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காட்டிக்கொடுத்தது அந்த வாட்சேதான்.

ஏரியைச் சுற்றுகிறவர்களுக்கு வாட்ஸ்அப் குழு உண்டு. அன்றாடம் யார் எவ்வளவு நடந்தார்கள் என்று போடுவார்கள். அவரைச் சேர்த்துக்கொண்ட சில நாட்களிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டார். மழை பெய்து ஏரிப் பாதை மூழ்கி, ஒருவரும் வெளியே வராத நாளிலும் அவர்தான் முதல்.

"ஊட்டுக்குள்ளயே மாரத்தான் ஓட்றியா மாமே?" என்று மேஸ்திரி குரல் பதிவு போட்டார். "இல்ல, வாட்ச்ச நாய்க்குக் கட்டி வுட்டுட்டியா?"

அவர் கொஞ்ச நேரம் கழித்து எழுதினார்: 'வாட்ச் சரியில்லை.' ஒரு மதியம் முழுக்கத் தேர்ந்தெடுத்த பொருளை அவர் குறை சொன்னது அன்றுதான்.

மகள் அதைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். விரித்த தாளின் ஓரம் படபடக்கிறது. மணிக்கட்டு வாட்சில் நடந்த அடிகளின் எண் ஏறிக்கொண்டே போகிறது. அவர் உட்கார்ந்தபடியே நடந்துகொண்டிருந்தார். சற்று நேரத்தில் வாட்ச் அதிர்ந்து, இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று பாராட்டியது.

மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். "அங்கிள், டாடி டாக்டர்கிட்ட வர மாட்டேங்குறாரு. வாட்ச்ல ஹார்ட் பீட் தப்பா காட்டுது, செக் பண்ணணும்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

சொன்னேன். "வாட்ச் சரியில்லன்னு சொன்னேன்ல" என்றபடியே சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

பூந்தமல்லி சாலையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் மூவரும் போனோம். ஐம்பது வயதுப் பெண்மணி. அறைக்கு வெளியே இருந்த பலகையைப் படித்ததும், இதயத்துக்கு அல்ல என்று குவாலிட்டிக்குத் தெரிந்துவிட்டது. மகளை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வரைங்க. தாள்ல கை படாம."

"பேனா சரியில்ல டாக்டர்."

டாக்டர் வேறு பேனா கொடுத்தார்.

"இதுவும் திக்குது."

டாக்டர் மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல என்கிட்ட பேனா இல்ல" என்றார். அவர் வரைந்தார். கோடு ரம்பப் பல் போலச் சுற்றி வந்தது. வரைந்து முடித்துத் தாளைத் தன் பக்கமாகக் கவிழ்த்து வைத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் குடிக்கிறவன் இல்ல டாக்டர்."

"நான் கேக்கவே இல்லையே. இது குடியால வர்றது இல்ல. பல பேருக்குப் பரம்பரையா வரும். உங்க அப்பாவுக்குக் கை நடுங்குமா?"

"அவரு குடிகாரரு."

"நடுங்குமா?"

அவர் யோசித்தார். "காலையில நடுங்கும். ஒரு கிளாஸ் உள்ள போச்சுன்னா நின்னுடும். அப்பறந்தான் பிரஷ்ஷைத் தொடுவாரு. ஒண்ணு போட்டாதான் கோடு நேரா வரும்னு சொல்லிக்கினே இருப்பாரு. ஊரே சிரிக்கும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இந்த நடுக்கம் உள்ள சிலருக்கு, கொஞ்சம் குடிச்சா கொஞ்ச நேரத்துக்குக் கை நிக்கும். அது உண்மைதான். அதுக்காகவே ஆரம்பிச்சு அடிமையானவங்களும் உண்டு. உங்க அப்பா எதுக்காக ஆரம்பிச்சாருன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. குடியில இருக்கிறவங்களுக்கும் காலையில நடுங்கும். எது முதல்ல வந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்."

மகள் அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஒரு மாத்திரை எழுதித் தர்றேன்" என்றார் டாக்டர். "முழுசா போகாது. நல்லாக் குறையும். வேற உடம்பு எதுவும் இல்லல்ல? ஆஸ்துமா?"

"இல்ல."

சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் உட்கார்ந்தே இருந்தார். அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"டாக்டர், இந்த மாத்திரை எங்கப்பா இருந்தப்பவே இருந்துதா?"

"இருந்துச்சு. பழைய மாத்திரைதான்."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கீழே மருந்துக்கடையில் முஷ்டியை மெஷின் மேல் வைத்தார். மெஷின் ஒலித்த பிறகும் எடுக்காமல் நின்றார். கடைக்காரப் பெண், "ஆயிடுச்சு சார்" என்றாள்.

மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதத்தில் பாதி நடுக்கம் போயிற்று. முழு கிளாஸ் டீயைச் சிந்தாமல் பிடிக்க முடிந்தது. ஆனால் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். கேரம் அறையில் போர்டைப் பற்றி யாராவது வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாலும், "நல்லாதான் கீது" என்பார். "குவாலிட்டி போயிடுச்சுப்பா" என்று மேஸ்திரி சொன்னார். ஓரிரு முறை அவரை ஆட உட்கார வைத்தார்கள். காயைக் குறி பார்த்துவிட்டு, அடிக்காமல் ஸ்ட்ரைக்கரை எதிராளி பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

மகளுக்கு வேலை ஓசூருக்கு மாறி, அவர்கள் வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அதற்கு முன் அவர் மனைவியின் கல்லறைக்கு மட்டும் போவார். அந்த வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு, அப்பாவைப் புதைத்த வேறொரு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். கையில் செவ்வந்திப் பூவும் மெழுகுவத்திகளும் இருந்தன. சுற்றிலும் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவிக்கொண்டிருந்தன. மதிலோரம், வேப்பமரத்திலிருந்து இரண்டாவது வரிசை என்று அவருக்கு நினைவிருந்தது. அடக்கம் செய்தபோது, கல் கட்டட்டுமா என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னவர் மகனான இவர்தான்.

அவர் சொன்ன இடத்தில் ஒரு கறுப்புக் கிரானைட் கல்லறை இருந்தது. அதன்மேல் வேறொரு குடும்பத்துப் பெண்ணின் பெயரும் படமும் இருந்தன. அவளுடைய பிள்ளைகள் அப்போதுதான் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். காவலாளியைக் கேட்டோம். கல் கட்டாத குழியைச் சில வருடம் விட்டு மறுபடி தோண்டி, அடுத்தவரை வைப்பது அங்கே வழக்கம் என்றார். அவர் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மெழுகுவத்தியைக் கல்லின் ஓரத்தில் நேராக நட்டு ஏற்றினார்.